வலது பக்கத்துச் சிவப்பு விளக்கு

சொத்துப் பிரித்தபோது அண்ணன்கள் இருவரும் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்பாவின் அம்பாசடரைத் தந்தார்கள். அது பல வருடங்களாக மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு முட்டுக் கொடுத்து நின்ற வண்டி. எங்கள் கம்மாபுரம் பக்கத்து நிலங்களைப் பணம் கொடுத்துச் சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம். மண்ணில் பங்கு இருப்பதும் இல்லாமல் போவதும் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"காருன்னா சும்மாவா? ராணியாட்டம் போலாம்," என்றார் பெரிய அண்ணன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். புருஷனை விட்டு வந்தவளுக்கு இதுவே அதிகம் என்று அதற்கு அர்த்தம்.

"சரி. காரையே எடுத்துக்குறேன்," என்றேன்.

"தை மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். இங்க பந்தல் போடணும். அதுக்குள்ள நீயே ஓட்டிக்கிட்டு வெளிய போனா வண்டி உன்னுது. இல்லன்னா காயலாங்கடைக்குத்தான்."

பெண்ணுக்கும் நிலத்தில் பங்கு உண்டு, கோர்ட்டுக்குப் போ என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். வக்கீலைப் பார்க்கும் நாள் தனியாக வரும். முதலில் இந்த வண்டியைப் பெரிய அண்ணன் வாசல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற வெறி எனக்கு. அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

நான் வாடகைக்கு இருக்கும் விருத்தாசலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இன்ஜினையும் பிரேக்கையும் பார்த்துத் தருவதாகச் சொன்னார். லைட்டுகளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "இதுக்கு எனக்குப் பொறுமை இல்லக்கா. ஆனா பிரேக் இன்ஸ்பெக்டர் மொதல்ல லைட்டத்தான் பாப்பாரு. அது எரியலன்னா ஆர்.சி. புதுப்பிக்க மாட்டாங்க." வேறு ஆள் தேட நேரம் இல்லை. நானே செய்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் கம்மாபுரம் போய்விடுவேன். ஹெட்லைட் வளையத்தின் திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊற வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே குளவி கூடு கட்டிக் குடும்பமே நடத்தியிருந்தது. வெள்ளிப் பூச்சு போட்ட உள்கிண்ணத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். பூச்சு முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. என்னை நானே திட்டிக்கொண்டேன். பழைய சாமான் கடையில் வேறு இரண்டு கிண்ணங்கள் தேடிப் பிடித்து, அவற்றை ஈரப் பஞ்சால் தொட்டும் தொடாமலும் துடைத்தேன். புது ஒயர் போட்டும் லைட் எரியவில்லை. யாரோ பெயிண்ட் அடித்து மூடியிருந்த இடத்தைச் சுரண்டி, வெறும் தகரத்தில் எர்த் ஒயரை முறுக்கியதும் பளிச்சென்று எரிந்தது. எருமைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன.

"மாடு மெரளுது, அணச்சித் தொலையேன்!" என்று அண்ணி கத்தினாள். இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட்டுத்தான் அணைத்தேன்.

பின்பக்கம்தான் என் உயிரை வாங்கியது. வலது பக்கத்துச் சிவப்பு மூடி உடைந்து பாதிதான் மிச்சம். கடைகளில் "அவ்ளோ பழைய மாடலுக்கு வராதுங்க" என்றார்கள். இடது பக்கத்து மூடியை அச்சு எடுக்கவும் முடியாது, அதன் வளைவு எதிர்ப்பக்கம் போகிறது. ஆனால் என் பிழைப்பே அச்சுதான். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கும் விளக்குக்கும் முதல் மாதிரியைச் செதுக்குகிறவள் நான். பிளாஸ்டர் கட்டியில் வலது மூடியைச் செதுக்கினேன், சோப்புக் கரைசல் பூசி அச்சு எடுத்தேன், சூடு இல்லாமலே இறுகும் ரெசின் பிசினில் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றினேன். மறுநாள் பிரித்தால் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

கொட்டகையில் அதை வண்டியில் வைத்துப் பார்த்தபோது பெரிய அண்ணனும் நின்றிருந்தார். மூடி பொருந்தவில்லை. சுற்றிலும் அரை விரல் அளவு வெளியே நின்றது.

"என்னாம்மா, காருக்குத் தொப்பி தெச்சியா?" என்றார்.

என்ன தப்பு என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. களிமண் சூளையில் சுட்டால் சுருங்கும். அதனால் எங்கள் கம்பெனியில் எந்த மாதிரியையும் கொஞ்சம் பெரிதாகத்தான் செதுக்குவோம். அளவைச் சரியாக எடுத்துவிட்டு, செதுக்கும்போது கை தன் பாட்டுக்குச் சுருக்கத்துக்கும் சேர்த்துவிட்டது. ரெசின் சூளைக்கே போவதில்லை என்பது என் கைக்குத் தெரியவில்லை. அண்ணன் முன்னால் அழக் கூடாது என்று மூடியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டேன்.

"பந்தக்காரன் வர்ற வாரம் கொட்டாயப் பிரிக்க வரான்," என்றார் அவர்.

"வரட்டும்," என்றேன்.

அன்று மாலையே வேறு பிளாஸ்டர் கட்டியை எடுத்து உட்கார்ந்தேன். இந்த முறை கையை நம்பவில்லை. ஒவ்வொரு சீவலுக்கும் அளவு பார்க்கும் காலிப்பரை வைத்துப் பார்த்தேன். பழகிய கையை அடக்குவது புதிதாகக் கற்பதை விடக் கொடுமை. இரண்டாவது மூடி தன் குழியில் போய் உட்கார்ந்தபோது கொட்டகையில் நான் மட்டும்தான் இருந்தேன். மறுபடி மறுபடி பிரேக்கை மிதித்து, பின்னால் சுவரில் சிவப்பு விழுவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஜினும் பிரேக்கும் தயாரானதும், ஆர்.சி. இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது என்று மெக்கானிக் வண்டியைக் கயிறு கட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இழுத்துப் போனார், நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் வலது மூடியை விரலால் தட்டினார்.

"இது எங்க வாங்குனதுங்க?"

"வாங்கலைங்க. செஞ்சது."

அவர் இன்னொரு முறை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வண்டியைத் திரும்பக் கொட்டகைக்கே கொண்டு வந்தோம்; லைசென்ஸ் ஏற்கெனவே என் கையில் இருந்தது. பந்தல்கால் இறங்கும் முன் நானே அண்ணன் வாசல் வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டேன். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரிய அண்ணன் என் வாடகை வீட்டுக்கு வந்தார். அதுவரை அந்த வீட்டுப் படி ஏறாதவர்.

"மாப்ள வூட்டுக்காரங்க அழைப்புக்குப் பழைய காருதான் வேணும்னு நிக்கிறாங்க. நானும் இருக்குதுன்னு சொல்லிட்டேன். சாவியக் குடு, டிரைவர் போட்டுக்குறேன்."

"சாவி குடுக்க மாட்டேன். நான் ஓட்டுறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல காரியம்மா. நீ முன்னால ஒக்காந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும். வண்டி வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றுதான் போனார்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அழைப்பு. இருட்டத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை பின் சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மேளம் முன்னால் போனது. அதற்கும் வண்டிக்கும் நடுவே அண்ணன் புது வேட்டியில் நடந்தார். நான் ஹெட்லைட்டை டிம்மில் போட்டேன். அண்ணனின் முதுகு, மேளக்காரர்கள், தெருவோரம் நின்ற சொந்தக்காரர்கள் என்று எல்லாமே வெளிச்சத்துக்குள் வந்தன. அண்ணன் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைக்கும்படி சைகை காட்டினார்.

அந்தக் காலத்து வண்டியில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் மாற்றும் பொத்தான் காலடியில் இருக்கும். இடது காலால் அழுத்தி மிதித்தேன். லைட் பிரைட்டுக்கு மாறியது. அண்ணன் கையை இறக்கிவிட்டு முன்னால் பார்த்து நடந்தார்.