வாகைக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு பசு

அரியலூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு முன்னால் முப்பதடி நீளமும் பதினெட்டடி அகலமுமாக ஒரு வெற்றிடம் இருந்தது. அதைத் தோட்டம் என்று அழைக்க ஆரம்பித்தவள் என் மனைவி. அப்போது அதில் இருந்தவை கட்டடம் கட்டி மிஞ்சிய நூற்றுப் பத்துச் செங்கல், உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்று, சில ஓணான்கள். ஓணான்களுக்கு நான் கணக்குத் தர முடியாது. அவை ஓரிடத்தில் நிற்பதில்லை.

நான் அரசாங்கத்தில் புள்ளியியல் பிரிவில் இருந்தவன். எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் கம்பு, எத்தனை ஏக்கர் கடலை என்று எழுதிக் கொடுப்பதே முப்பத்தொரு வருடம் என் வேலை. தொண்ணூற்றெட்டில் ஓய்வு கொடுத்தார்கள். அதன் பிறகு எனக்கு மிஞ்சிய சாகுபடிப் பரப்பு இந்த முப்பதுக்குப் பதினெட்டுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு வாகைக் கன்று நட்டேன். நன்றாக யோசித்துத்தான் நட்டேன். எங்கள் மண்ணில் ஓரடி தோண்டினால் சுண்ணாம்புப் பாறை முகம் காட்டும். தென்னை வைத்த பக்கத்து வீட்டார் இரண்டு வருடம் அதற்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் வருடம் அதை விறகாக்கினார்கள். வாகை அப்படியில்லை. வேர் பிடித்துவிட்டால் நம்மை எதிர்பார்க்காது. வாரத்துக்கு ஒரு வாளி கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்காது. என் குடும்பத்தில் வேறு யாரிடமும் நான் காணாத குணம்.

மரம் வளர்ந்தது. மாசி மாதம் வந்ததும் இலை முழுவதையும் கொட்டிவிட்டு நின்றது. வறட்சியைத் தாங்க வாகை செய்யும் தந்திரம் அதுதான் என்று மனைவியிடம் விளக்கினேன்.

"நல்ல தந்திரந்தான். வெயில் காயிறப்ப மொட்ட, மழ பேயிறப்ப கொட. உங்க ஆபீசுல வேல பாத்திருக்கும் போல" என்றாள்.

அவளுடைய பதில் மரம் இரண்டாயிரத்து இரண்டில் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. அது மரமல்ல, புல். எங்கள் மகளைப் பெரம்பலூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை பெங்களூர் நர்சரி ஒன்றில் வாங்கி வந்த அலங்காரப் புல்லில் ஒரு தூரைப் பெயர்த்து, பெயிண்ட் டப்பாவில் வைத்து மகள் கொண்டு வந்தாள். முழங்கால் உயரம். இலை கத்திரிக்காய் நிறம். நுனியில் நரிவால் போலக் கதிர். ஒரு வருடம் சொச்சம் தனி மாவட்டமாக இருந்த எங்கள் ஊரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த நேரம் அது. கலெக்டர் ஆபீஸையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் புல்லைக் கொடுத்தனுப்புகிறார்கள் என்றேன். மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அவள் பிறந்த ஊர் பெரம்பலூர்.

"உங்க மரத்துக்குக் கீழ நிழலு எப்ப வருதுன்னு பஞ்சாங்கம் பாக்கணும். இது பாருங்க, எப்பவும் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று வீட்டுப் படிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பிரித்து நட்டாள். ஒரு தூர் பதினான்கு தூராயிற்று.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்தான். "சார், கம்பு போட்டிருக்கீங்களா? எப்ப அறுப்பு?" என்று கேட்டார்கள். முதலில் கேட்டவருக்கு மனைவி பொறுமையாக, "இது அழகுக்குங்க" என்றாள். அவர் வேலிக்கு வெளியே குனிந்து கதிரை உருவிப் பார்த்து, "மணியே புடிக்கலியேக்கா, பாவம்" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். ஆறாவது ஆளுக்குப் பிறகு அவள் ஆமாம், கம்புதான் என்று சொல்லப் பழகிவிட்டாள்.

இந்த ஒப்பீட்டில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்றே நினைத்தேன். மரத்துக்கு வாரம் ஒரு வாளி, புல்லுக்கு நாளுக்கு ஒரு வாளி. ஒன்றுக்கு ஏழு. ஆனால் மழை தொடர்ந்து பொய்த்தது. இரண்டாயிரத்து நாலு கோடையில் தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. அதுவும் வரும்போது இருமிக்கொண்டே வந்தது. வாகைகூட வைகாசியில் விட்ட தளிரை யோசித்து யோசித்து விட்டது. சிமெண்டுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் தூசி படிந்து மரமும் புல்லும் ஒரே நிறமாயின. குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதில்லை என்று இருவரும் பேசி வைத்தோம். செடிக்கு ஊற்ற வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு தண்ணீர்தான். அரிசி களைந்ததும் கஞ்சி வடித்ததும் சேர்ந்த கழனித்தண்ணீர், தினம் ஒரு வாளி.

அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரி இருந்தாள், ஒரு செவலைப் பசு.

அந்தப் பசு எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் நான். பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பது என் நெடுநாள் முடிவு. எதிரே நின்று கறந்து தருகிற ஆளாகப் பார்த்துத்தான் பால் வாங்குவேன் என்று சொல்லி, கீழத்தெருவில் ஒற்றை மாடு வைத்திருந்த ஒரு விதவையைப் பிடித்தேன். அவள் தினமும் காலையில் மாட்டை ஓட்டி வந்து எங்கள் வாகை மரத்தில் கட்டி, என் கண் முன்னால் கறப்பாள். சொம்பைக் கவிழ்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று முதலில் காட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. அவளும் காட்டுவாள், வித்தைக்காரன் மாதிரி. கறந்த பிறகு மாடு எங்கள் வீட்டுக் கழனித்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும். ஊரில் எங்கும் உள்ள வழக்கம்தான்.

அந்த வைகாசியில் பால் குறைந்தது. ஒன்றரை லிட்டர் ஒன்றேகால் ஆகி, ஒன்றாகி, முக்காலில் வந்து நின்றது. நான் அளந்து வைத்திருந்தேன்.

"என்னம்மா, பாதிப் பாலை வேற வீட்டுல கறந்துட்டு இங்க வரியா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவள் கழனி வாளிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை விட்டாள்.

"இத மொதல்ல சொல்லுங்க சார். கைய விட்டா கையில இருக்கிற மருவுகூடத் தெரியுது. முன்னெல்லாம் வெள்ள வெளேர்னு இருக்கும். எத்தினி நாளா பச்சத்தண்ணிய ஊத்தி வைக்கிறீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். காலையில் அவள் குளிக்கப் போகும்போது அரை வாளியை மரத்துக்கு ஊற்றிவிட்டு, குறை தெரியாமல் குழாய்த் தண்ணீரால் நிரப்பி வைத்தவன் நான். நான் பேப்பர் படிக்கும்போது அதில் அரை வாளியைப் புல்லுக்கு ஊற்றிவிட்டு அதே மாதிரி நிரப்பி வைத்தவள் அவள். அந்த ஒரு கணத்தில் இருவருக்கும் மற்றவரின் கணக்கு விளங்கிவிட்டது.

"பாலுல தண்ணி கலந்தா கேக்குறாரு, கழனியில கலந்தா யாரக்கா கேக்குறது?" என்றாள் மாட்டுக்காரி, என் மனைவியிடம். பிறகு மாட்டின் வயிற்றில் கை வைத்து நின்றாள். "அது சினையா இருக்கு சார். அஞ்சாம் மாசம். பாலு கொறையத்தான் செய்யும். வக்கோலு கட்டு வெல கேட்டா மயக்கம் வருது. தஞ்சாவூர்ப் பக்கமே தண்ணியில்லாம கெடக்கு, அங்கேருந்து எப்படி வரும்? ஐப்பசியில கண்ணு போட்டுரும். அதுவரைக்கும் எப்படியாச்சும் நிறுத்திப்புடணும்னு பாக்குறேன். மாட்டு யேவாரி வந்து வந்து கேக்குறான். ஞாயித்துக்கெழம லாரி வருதாம்."

லாரி எங்கே போகும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கோடையில் எங்கள் ஊர்ச் சாலையில் மாடு ஏற்றி மேற்கே போன லாரிகளை எல்லோரும் பார்த்திருந்தோம். அவற்றில் போன மாடுகள் பால் கறக்கப் போகவில்லை.

அந்த நேரத்தில், அவிழ்த்து விட்டிருந்த பசு கழுத்தை நீட்டி, பெங்களூர்ப் புல்லின் ஒரு தூரை வாயில் வளைத்து அறுத்தது. நரிவால் கதிர் மூக்கில் புகுந்து பெரிதாக ஒரு தும்மல் போட்டது. பிறகு மறுபடி வாய் வைத்தது.

"அய்யய்யோ" என்று ஓடிய மனைவி, பாதி வழியில் நின்றாள். மாடு மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கதிர அறுத்துட்டுக் குடுத்தா தும்மாது" என்று உள்ளே போய்க் கருக்கரிவாளோடு வந்தாள்.

அன்று முதல் எங்கள் வீட்டு ஒப்பீடு திசை மாறியது. எது அழகு, எது குறைந்த தண்ணீர் கேட்கும் என்ற பேச்சே எழவில்லை. எதை மாடு அதிகம் தின்கிறது என்பதே போட்டியாயிற்று. மறுநாள் நான் ஒரு வாகைக் கிளையை வெட்டச் சொன்னேன். மாட்டுக்காரி நீளக் கழியில் அரிவாள் கட்டிய தொரட்டியால் இழுத்துப் போட்டாள். மாடு காம்பை மட்டும் விட்டுவைத்தது.

"பாத்தியா? வாகைத் தழையில சத்து அதிகம்" என்றேன்.

"மொதல்ல எதுல வாய் வச்சுதுன்னு பாத்தீங்களா? எம் புல்லுல" என்றாள் மனைவி.

"வாசல்ல இருக்கிறது அதுதானே. கிட்ட இருக்கிறதத்தான் மொதல்ல திங்கும்."

"அப்ப நாளைக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கணக்கெழுதத் தெரியுமில்ல?"

வைத்துப் பார்த்தோம். மாடு இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறித் தின்றது. எங்களுக்குக் கிடைத்த ஒரே பாரபட்சமற்ற நீதிபதி அதுதான், அதுவும் தீர்ப்புச் சொல்லாமல் அசை போட்டது.

கழனித்தண்ணீர் முழுவதும் மாட்டுக்கே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது, போயிற்று. ஆடியில் மறுபடி வந்தது. வியாபாரி கீழத்தெருவிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் மாட்டுக்காரியின் பின்னாலேயே வந்து, "எலும்பு தெரியுது பாரு, ஐப்பசி வரைக்கும் தாங்காதுடி ஆத்தா. இப்பன்னா நாலு காசு பாப்ப" என்றான். அவள் கயிற்றை மரத்தில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். என் மனைவி படியில் உட்கார்ந்து புல்லை அறுத்துக்கொண்டே, "மாடு எங்க வூட்டு மரத்துல கட்டியிருக்கில்ல? அவுக்கணும்னா எங்கள கேளுப்பா" என்றாள். சட்டப்படி அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. ஆனால் வியாபாரி போய்விட்டான்.

ஆவணியில் பால் முழுவதும் வற்றியது. நாங்கள் பாக்கெட் பாலுக்குப் போனோம். நான் எத்தனையோ வருடமாகத் திட்டிவந்த பாக்கெட் பால், கட்டியாகத்தான் இருந்தது. பால் தராத மாட்டுக்குத் தழையும், மாட்டில் வராத பாலுக்குப் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று முப்பத்தொரு வருட அனுபவத்துக்குத் தெரியவில்லை. புரட்டாசிக்குள் வாகையின் பதினொரு கிளையும் போய், மரம் கொடிக்கம்பம் போல நின்றது. பதினான்கு தூர் புல்லும் ஒட்ட அறுபட்டுத் தரையோடு கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்து மகள் பெரம்பலூரிலிருந்து வந்தாள். வெளிக்கதவிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? நான் குடுத்த புல்லு எங்கம்மா?"

"அதோ நிக்குது" என்று மனைவி மாட்டைக் காட்டினாள்.

"அப்பாவோட மரம்?"

"அதுவும் அங்கதான் இருக்கு" என்றேன்.

ஐப்பசியில் அந்த வருடம் மழையும் வந்தது, கன்றும் வந்தது. கிடேரிக் கன்று. மூன்றாம் நாள் அந்தப் பெண் சீம்பாலைச் சொம்பில் கொண்டு வந்து படியில் வைத்தாள். பழக்க தோஷத்தில் சொம்பைக் கவிழ்த்துக் காட்டப் போனவள், "கொட்டிப்புடும் சார்" என்று நிறுத்திக்கொண்டாள்.

தையில் அவள் மாட்டையும் கன்றையும் விற்றுவிட்டாள். வாங்கியது பக்கத்து ஊரான கல்லங்குறிச்சியில் கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு குடும்பம். முதலில் எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லவேண்டும். பதினொரு கிளை.

"விக்கிறதுக்கா இத்தினி பாடுபட்ட?" என்றேன்.

"நாங் கறிக்கா வித்தேன் சார்? கண்ணோட நிக்கிற மாட்டத்தான நல்ல வூட்டுக்காரங்க வாங்குறாங்க. எலும்பா நின்னப்ப கேட்டவன் ஒருத்தன்தான். எனக்கும் முட்டி போயிருச்சு. இன்னொரு பஞ்சம் வந்தா என்னால இழுத்துக்கிட்டு அலைய முடியாது. அங்க பச்ச இருக்கு. தண்ணி இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்."

"எப்படிக் கொண்டுபோகப் போற?"

"வண்டி அனுப்புறேன்னாங்க. வேணாம்னுட்டேன். வண்டியில ஏத்துனா மெரளும். நடத்தியே ஓட்டிட்டுப் போறேன்."

மறுநாள் காலையில் தாயும் கன்றுமாக எங்கள் வாசலைத் தாண்டும்போது மாடு வழக்கம்போல உள்ளே திரும்பியது. அவள் கயிற்றை இழுத்தாள். அது வரவில்லை. மனைவி வெளியே வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போடி, போ. நல்ல எடம்" என்றாள். அதற்குப் பிறகுதான் நகர்ந்தது.

கன்று மாட்டுக்காரியின் பேச்சைக் கேட்காமல் சாலை நடுவே துள்ளியது. கல் ஏற்றிய லாரிகள் வரும் நேரம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். கல்லங்குறிச்சிக்குச் சாலை பிரிகிற இடம் வரை கன்றைச் சாலையோரமாக விட்டு, லாரி வருகிற பக்கத்தில் நான் நடந்தேன்.