பாம்புச்செவிக்காரரும் ஊமைப் பம்புகளும்

அந்த மெக்கானிக்குக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். வைத்தது யாரோ தெரியாது, ஊர் முழுக்கப் பரப்பியது அவரேதான். வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவாராம். ஒரு காலத்தில் சொன்னவர்தான், மறுக்கவில்லை. அந்த ஒரு காலத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வயதிலும் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் மீட்டர் ஒன்றை மருமகன் வாங்கிக் கொடுத்திருந்தார். அது பெட்டியைக்கூடப் பிரிக்காமல், பட்டறைக் கதவு காற்றில் சாத்தாதபடி முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

"காது இல்லாதவனுக்குத்தான் மீட்டரு" என்பார்.

கால்நடை டாக்டரம்மா கொண்டுவந்தது மலைப்பாதை பைக். உயரமானது, டயரெல்லாம் பல் பல்லாக இருக்கும். மேலே உள்ள பண்ணைகளுக்கு வேறு வண்டி ஏறாது. இருபது நிமிடம் ஏறியதும் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது, டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினால் மறுபடி கிளம்புகிறது என்றார். பாம்புச்செவி அதற்குள் சாவியைத் திருப்பியிருந்தார். சாவி போட்டதும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ரீங்கரிக்க வேண்டும். டேங்கில் காதை ஒட்டி, கண்ணை மூடி, பெரிய மேதாவிபோல் நின்றார்.

"செத்துப்போச்சு. பம்ப மாத்தணும்."

"சத்தம் வருதேண்ணே. எனக்கே கேக்குது."

"மாட்டு வயித்துச் சத்தம் உங்களுக்கு அத்துப்படி டாக்டரம்மா. பம்ப எங்கிட்ட விடுங்க."

பம்ப் மாறியது. டாக்டரம்மா பாதி மலையில் நின்றார். மேலே கன்று வெளிவராமல் தவித்த பசு, அவர் போய்ச் சேர்வதற்குள் செத்துப்போயிருந்தது. திரும்பி வந்து அதைச் சொன்னார். பாம்புச்செவியோ புதுப் பம்பும் ஊமை என்று கண்டுபிடித்தார். கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டானாம். அடுத்ததை மாட்டினார், அதுவும் ஊமை. இப்போது அதைச் செய்கிற கம்பெனியே உருப்படாது என்றார். உலகமே கெட்டுப்போய்விட்டது, அவர் காது ஒன்றுதான் பாக்கி.

மூன்றாம் தடவை டாக்டரம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து பாம்புச்செவியின் காதில் மாட்டினார். மறுமுனையை டேங்கில் அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

ரீங்காரம் கேட்டது. இரண்டு விநாடி, பிசிறே இல்லை.

பாம்புச்செவி இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். அதே சத்தம். கடைசியாக இதை எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. பயமாக இருந்தது.

டாக்டரம்மா டேங்க் மூடியைத் திறந்தார். "பாருங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

அவருக்கு அந்த உஸ்ஸும் கேட்கவில்லை. ஆனால் சொன்னது புரிந்தது. மூடியிலிருந்து இறங்கும் காற்றுக் குழாயைப் பிடுங்கினார். சேறு காய்ந்து அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவில்லையென்றால், எந்தப் பம்பும் எதையும் இழுக்காது. கம்பியால் ஒரு குத்து குத்தினார். அரை நிமிட வேலை. இதற்குத்தான் இரண்டு பம்பும் ஒரு பசுவும்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இந்த வருடம் அவர் செத்துப்போனதாகச் சொல்லிக் கழற்றிய பம்புகள் ஏழு, மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாக ஒரு பேட்டரியில் கொடுத்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முதலாவது ஓடியது. இரண்டாவதும். ஆறு வரைக்கும் ஒன்றுகூட அவர் மானத்தைக் காப்பாற்றவில்லை. ஏழாவதில்தான் சத்தமில்லை. அந்த முகத்தில் வந்த களையைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா. இது செத்ததுதான். நான் சும்மா சொல்ல மாட்டேன்."

"ஒயரு கழண்டு கெடக்குண்ணே."

மாட்டினார். அதுவும் ஓடியது.

ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் தரையில் வைத்தார். டாக்டரம்மா பக்கத்தில் குந்தி, மிரண்ட மாட்டிடம் பேசும் குரலில், "எவ்வளவு நாளாண்ணே காது கேக்கல?" என்றார்.

கேள்வி நன்றாகவே கேட்டது.

"என்னது?" என்றார் பாம்புச்செவி.