மூடுகிறோம் என்று அறிவிப்புப் போட்ட நாள்

நானும் என் நண்பனும் கொச்சியில் இரண்டு வருஷம் மல்லுக்கட்டி ஒரு சமூக வலைத்தளம் செய்தோம். அவன் பாலக்காடு கல்பாத்திக்காரன். நான் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். எங்கள் நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கும், வேண்டியவர் எடுத்துத் தங்கள் ஊர்க் கம்ப்யூட்டரிலேயே தளத்தை ஓட்டிக்கொள்ளலாம் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். ஒருவரும் எடுக்கவில்லை. அலுத்துப்போய் இருவரும் வேறு வேலை தேடிக்கொண்டோம்.

மூடிவிடலாம் என்று முடிவெடுத்த அன்று நண்பன் திரையைக் காட்டினான். "உன் மலைக்காரா ஒத்தரும் ஒண்ணும் எழுதறதில்லை, கேட்டியோ? காலம்பற தொறக்கறா, பாக்கறா, மூடறா. அவ்வளவுதான்."

எனக்கும் எரிச்சல். கொழுந்து எடுக்கும் என் அக்காவை முதலில் சேர்த்து, அவள் மூலம் லயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் சேர்த்ததே நான்தான். ஒரு லைக் போடக்கூடவா கை வராது? அந்தக் கடுப்பிலேயே, மாதக் கடைசியில் மூடுகிறோம் என்று அறிவிப்பு எழுதிப் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் அக்காவின் போன்.

"ஏலே, என்னத்தலே மூடப் போற? காலையில அதப் பாத்துட்டுத்தான நாங்க படியிறங்குதோம்!"

"யாரும் எதுவும் எழுதுறதில்லையேக்கா."

"யானை வரலைன்னா என்னத்தலே எழுத?"

நண்பனுக்கும் கேட்டது. இருவரும் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தோம். 'மூணாம் நம்பர் தேயிலைக் காட்டுல ஒத்தை யானை நிக்குது' என்று அக்கா ஒருநாள் எழுதியிருந்தாள். 'பஸ் ரோட்டுல குட்டியோட நாலு' என்று இன்னொருத்தி. கீழே ஒரு பதில் இல்லை, லைக் இல்லை. அதைப் படித்தவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. என் அக்கா உயிரோடு வேலைக்குப் போய் வருவதையா உபயோகமில்லை என்று தள்ளினேன்!

ஆனாலும் ஒத்துக்கொண்ட புது வேலையை விட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலையேறினோம். இனி அங்கிருந்தே ஓடட்டும் என்று, தோட்டத்து வாசகசாலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் தளத்தை ஏற்றினோம். நின்றுபோனால் மறுபடி எப்படி ஓட்டுவது என்று அக்கா என்னைக் குடைந்து குடைந்து கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். "இது நடக்குமாடா?" என்று நண்பன் காதைக் கடித்தான். எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

ஆடி மழையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு என் போனில் தளம் திறக்கவில்லை. அக்காவுக்குப் போன் மேல் போன் அடித்தேன். எட்டு மணிக்குத்தான் எடுத்தாள்.

"அக்கா, காலையில தளம் நின்னு கெடந்துச்சே? இப்ப ஓடுதா?"

"கரண்டு போச்சு. வந்ததும் நானே போட்டுவிட்டேன். கீழ ரோட்டுல ரெண்டு நின்னுச்சு, எழுதிட்டு மேல வழியா வந்தோம். எல்லாரும் வேலைக்கு வந்து சேந்துட்டோம்லே. நீ போனை வை."