இரண்டு டீன்களுக்கு நடுவே ஒரு வேலை

பதவியிலிருந்து விலகும் டீன், தம்மிடம் நிலுவையில் உள்ள ஒப்பந்த நீட்டிப்புகளைக் கடைசி நாளுக்கு முன் முடித்துவிட வேண்டும். முடிக்க இயலாதவற்றைத் தம் கருத்தோடு அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

விதி இதுதான். பல்கலைக்கழக நிர்வாகத்திலேயே தலை நரைத்தவன் நான், நம்பலாம். ஆனால் விதியை எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. போகிறவர் மிகவும் நல்லவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், இரண்டு மாடி கீழே இருப்பவர் ஸ்டெல்லா. திருச்சிக்காரர். நான் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த முறையில் புள்ளியியல் கற்பிக்கிறார். கணவர் ஆரோக்கியமும், தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளும் இங்கே இருப்பது அவருடைய வேலை பாஸை நம்பித்தான். வேலை போனால் பாஸ் போகும். பாஸ் போனால் மூவரும் பெட்டி கட்ட வேண்டும். ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“அங்கிள், எங்க டீன் போறாராம். ஜூன் கடைசியோட. என் ரினியூவல் அவர்கிட்டதான் இருக்கு.”

“டிபார்ட்மெண்ட் என்ன சொல்லுச்சு?”

“ரெக்கமெண்ட் பண்ணி அனுப்பிட்டாங்க. டீன் சைன் மட்டும்தான் பாக்கி.”

“அப்புறம் என்னம்மா? காப்பி குடி.”

விதி தெரிந்தவனுக்கு வரும் மெத்தனம் அது. ஜூன் பாதி கடந்தும் கையெழுத்து வரவில்லை. ஸ்டெல்லா லிஃப்டில் என்னைப் பார்த்தால் சிரித்தார்... கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

டீனுக்கு வழியனுப்பு விருந்து, லிட்டில் இந்தியாவில் வாழையிலை போடும் ஒரு கடையில். பழைய ஆள் என்று எனக்கும் அழைப்பு. விருந்துக்கு ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். மாலைக்கு ஒருவர், புகைப்பட ஆல்பத்துக்கு ஒருவர், சைவமா அசைவமா என்று கேட்டு எழுத ஒருவர். நிலுவையில் இருக்கும் வேலைகளை ஒப்படைக்க? அதற்குக் கமிட்டி வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். இளம் விரிவுரையாளராகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கம். மீன் தலைக் கறி பரிமாறும் சந்தடியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஸ்டெல்லா விஷயத்தை எடுத்தேன்.

“தெரியும் அண்ணே. நல்ல டீச்சர். ஆனா போற நேரத்துல நான் சைன் போட்டுட்டுப் போனா, வர்றவங்களுக்கு மரியாதையா இருக்காது லா. அவங்க டீம், அவங்களே முடிவு பண்ணட்டும்.”

“ரெண்டு வரி கமெண்டாவது எழுதி வெச்சிட்டுப் போங்க, ப்ரொஃப்.”

“எழுதினா அது பிரஷர் கொடுத்த மாதிரி ஆயிடும் அண்ணே. நீங்க ரசம் ஊத்திக்கலையா?”

அவர் பேச்சில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கெட்ட மனிதர் என்றால் மேல்முறையீடு செய்யலாம். பெருந்தன்மைக்கு எதிராக எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடுவது?

ஜூலையில் புதிய டீன் வந்தார். பல்கலைக்கழக இணையப்பக்கத்தில் படம் போட்டார்கள். பழையவரும் புதியவரும் கைகுலுக்குகிறார்கள். தலைமை மாற்றம் சுமுகமாக நிறைவேறியது என்று கீழே செய்தி. ஸ்டெல்லா டீன் அலுவலகத்துக்குப் போன் போட்டார். உதவியாளர் கனிவாகவே விளக்கினாராம் — புதிய டீன் அவசரப்பட்டு எதையும் மாற்ற மாட்டார். முந்தைய டீனின் கருத்தை மதிப்பவர். ஆகவே, ஸ்டெல்லாவைப் பற்றி அவர் ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? வருகிறவருக்கு மரியாதை தர, போனவர் எழுதவில்லை. போனவருக்கு மரியாதை தர, வந்தவர் அவர் எழுதியதைத் தேடுகிறார். இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தைத் தொடரப் போகிறீர்களா என்று கேட்டு மெசேஜ் அனுப்பினார். ஆரோக்கியம் சோஃபாவை ஆன்லைனில் விற்கப் போட்டுவிட்டார். மகளைத் தேசிய தின நடனத்துக்குப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அவள் தினமும் கூடத்தில் ஆடிப் பழக, பெற்றோர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கை தட்டினார்களாம்.

“இன்னொரு ரிமைண்டர் போடட்டுமா அங்கிள்? இந்தத் தடவை எச்.ஆருக்கும் ஹெட்டுக்கும் சிசி வெச்சு?”

“வேணாம். அஞ்சு பேருக்கு சிசி போட்டா, மத்த நாலு பேர்ல யாராவது பதில் போடுவாங்கன்னு அஞ்சு பேரும் இருந்துடுவாங்க. டைம்டேபிள் பார்க்கிறவருக்கு மட்டும் எழுது. ரினியூவல்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. ‘ஆகஸ்ட்ல என் மூணு டியூட்டோரியல் வகுப்பையும் யார்கிட்ட ஒப்படைக்கணும்?’ இது ஒண்ணுதான் கேள்வி.”

ஒரு பல்கலைக்கழகம் ஓர் ஆளை மறந்துவிடும். அதில் அதற்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு வகுப்பு டைம்டேபிளில் நிற்பதை அதனால் தாங்கவே முடியாது. இதை எந்த விதிப்புத்தகத்திலும் போடவில்லை. உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டெல்லா என்னையே பார்த்தார். “சரி, இன்னார்கிட்ட ஒப்படைச்சிடுங்கன்னு பதில் வந்துட்டா?”

அது நடக்கக்கூடியதுதான். தானே விலகிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நன்றி தெரிவித்து, கதவைச் சாத்திவிடலாம். விதிமீறல் ஏதும் இருக்காது.

“உங்க சாமர்த்தியத்துக்கு அந்தப் பிள்ளைதானே பலன் அனுபவிக்கணும்?” என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்தே.

ஸ்டெல்லா அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகை... இறங்கியது, ருசி தெரியவில்லை. தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கும்போதுகூடப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். லிஃப்ட் கதவு திறக்கும்போது உள்ளே ஸ்டெல்லா இருந்துவிடக் கூடாதே என்று, அறுபது வயதைத் தாண்டியவன், படியில் ஏறினேன். அடுத்தவர் வாழ்க்கையை வைத்து ஆலோசனை சொல்வது எவ்வளவு சுலபமான வேலை! அதனால்தான் ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் அதையே செய்கிறோம்.

பெரிய நாற்காலிகளில் ஆள் மாறும்போது நாம் எல்லாரும் பார்ப்பது யார் போகிறார், யார் வருகிறார் என்பதைத்தான். அந்த நாற்காலிக்குக் கீழே யாருடைய பிழைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் யார்? மரியாதை நல்லதுதான். ஆனால் அதற்கு ஆகும் செலவை, மரியாதை செய்கிறவரே ஏற்றுக்கொள்ள வேண்டும் — மூன்றாம் ஆள் அல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஸ்டெல்லா. பின்னால் ஆரோக்கியம். இருவரும் அழுதிருந்தார்கள்.

“ரெண்டு வருஷம் அங்கிள்” என்றார் ஸ்டெல்லா. “புது டீனே சைன் போட்டிருக்காங்க. டியூட்டோரியல் மட்டும் மூணு இல்ல, நாலு.”

இத்தனை வாரம் அசையாத பதில் வந்து சேர்ந்த தேதி எதுவென்று கேட்டீர்களானால் — மாணவர்களுக்கு டைம்டேபிளை வெளியிட வேண்டிய நாளுக்கு முதல் நாள்.