காட்மாண்டில் அப்பாவின் பெயர்

காட்மாண்டு என்றதும் மற்றவர்களுக்குப் பனிமலை நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது, அங்கே ஒரு கடைத்தெருவில் பாத்திரக்கடை வாசலில் வியர்த்து வழிந்தபடி நின்ற அப்பாவின் முகம்தான். மலையை நாங்கள் பார்க்கவேயில்லை, மூன்று நாளும் மேகம். பார்த்திருந்தாலும் அப்பா அதை ரசித்திருக்க மாட்டார். மனுஷர் ரசிக்கிற நிலையில் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுக்கு டெல்லி சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா ஓர் அமைச்சகத்தில் எழுத்தர். ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அரசு ஊழியர் நாட்டை விட்டு வெளியே போவதானால், நேபாளமே ஆனாலும், முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும். வாங்காமல் போன இரண்டு பேரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பு எழுதியவரே அப்பாதான். அப்படிப்பட்டவர் விண்ணப்பத்தில் கோரக்பூர் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, எங்களைக் காட்மாண்டுக்கு அழைத்துப் போனார் என்றால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் மாமா கிளப்பிவிட்டது. அம்மாவின் தம்பி, கோரக்பூரில் ரயில்வேயில் இருந்தார். விடுமுறைக்கு அவர் வீட்டுக்குத்தான் போயிருந்தோம். “பாஸ்போர்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலையில பஸ் ஏறினா சாயங்காலம் காட்மாண்டு. இதைப் போயி ஃபாரின்னு பயப்படுறீங்களே மச்சான்” என்று சிரித்தார். அம்மாவுக்குப் பசுபதிநாதரைப் பார்க்கவேண்டும். “டெல்லிக்கு வந்து பதினோரு வருஷத்துல உங்ககிட்ட வாயத் தொறந்து எதாச்சும் கேட்டிருக்கேனா?” என்று கேட்டாள். நிறையவே கேட்டிருக்கிறாள். ஆனாலும் அப்பா விழுந்துவிட்டார்.

எல்லையைத் தாண்டியதும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டெல்லித் தமிழர்கள் யாராவது அங்கே வந்திருந்தால்? அவர்களில் ஒருவர் நம் அமைச்சகத்தில் இருந்துவிட்டால்? அதனால் தெருவில் யாரும் தமிழில் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். அம்மாவின் ஹிந்தி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். மூன்று நாளும் பாவம், வெங்காய விலை தவிர வேறெதுவும் பேசத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டே வந்தாள்.

இதெல்லாம் போகட்டும். தங்கைக்கு அப்போது நாலு வயது. கூட்டத்தில் தொலைந்தால் சொல்வதற்காக அப்பாவின் பெயர், அமைச்சகம், குவார்ட்டர்ஸ் எண் எல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தது. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் ஒப்பிப்பாள். இந்த வாயே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பா பஸ்ஸிலேயே அவளுக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்பா பேர் சண்முகம், வேலை ரயில்வே, ஊர் கோரக்பூர். அத்தனையும் மாமாவுடையது. ஒவ்வொரு முறை சரியாகச் சொன்னதற்கும் ஓர் ஆரஞ்சு மிட்டாய். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பதினொரு வயது. நான் மிட்டாய்த் தாள்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் கடைத்தெருவில் அம்மா ஒரு மடக்குக் குடையைப் பிரித்துப் பார்த்தாள். அதைத் திரும்ப மடக்குவதற்குள் தங்கையைக் காணோம். தானியக் கடை, பாத்திரக் கடை, சுமை தூக்குகிறவர்கள், நடுவே ஒரு கோயில், எங்கே பார்த்தாலும் தலைகள். அம்மா உத்தரவையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, தஞ்சாவூர்க் குரலில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அப்பா ஒரு கணம் அவள் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். பிறகு அவரும் கத்தத் தொடங்கினார். என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சந்து சந்தாக ஓடினார். அன்று நான் பயந்ததுபோல் பிறகு எதற்கும் பயந்ததில்லை.

அப்போது ஓர் ஆண் குரல் தமிழில் கேட்டது. “சண்முகம் சார்! கோரக்பூர் சண்முகம் சார் யாருங்க?” அப்பா அந்தக் குரலைத் தாண்டி ஓடினார். காதில் விழுந்திருக்கும். ஆனால் அது அவருடைய பெயர் இல்லையே. பத்தடி போனபிறகு நான்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

பாத்திரக்கடை வாசலில் கண்ணாடி போட்ட ஒருவர் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “புள்ள அழுவவே இல்லீங்க. அப்பா பேரு, ஊரு எல்லாம் கணீர்னு சொல்லுச்சு. நல்லா பழக்கியிருக்கீங்க” என்றார். தான் டெல்லி, ஆர்.கே.புரம் என்றும் சொன்னார். “சாருக்கு ரயில்வேயில எந்த ஆபீஸ்?” என்று அவர் கேட்டதற்கு அப்பா ஏதோ முனகினார். கும்பிட வேண்டிய மனிதருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லாமல் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

டெல்லிக்குத் திரும்பியபின் பயம் இரட்டிப்பானது. கண்ணாடிக்காரர் வருவாரோ என்று ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவதையே அப்பா நிறுத்திவிட்டார். வாசலில் யாராவது கூப்பிட்டால் அம்மாவை அனுப்பிவிட்டுத் தான் உள்ளே நிற்பார். நாங்களும் கோரக்பூர் தவிர வேறு ஊரே தெரியாத பிள்ளைகளாக நடந்துகொண்டோம்.

தங்கையை மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போனபோது நானும் உடன் போனேன். டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி, “அச்சா, உங்க அப்பா பேரென்ன?” என்று கேட்டார். “சண்முகம். ரயில்வே. கோரக்பூர்” என்று சொல்லிவிட்டு, மிட்டாய்க்காக அப்பாவிடம் கையை நீட்டினாள். டீச்சர் படிவத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “அது அவ மாமா பேரு டீச்சர், மாமான்னா உசிரு” என்று அம்மா சிரித்துச் சமாளித்தாள். அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உட்கார்ந்து, அனுமதியில்லாமல் நேபாளம் போய்வந்ததை அமைச்சகத்துக்குத் தன் கைப்பட எழுதினார். அம்மா பதறிப்போனாள். “ஏங்க, யாரு பாத்தா? யாரு கேட்டா? நீங்களா போயி ஏன் கழுத்தக் குடுக்குறீங்க? ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கோம்.” அப்பா எழுதி முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

“எம்புள்ளயக் கையில வச்சிக்கிட்டு அந்த மனுசன் கூப்புடுறாரு. நான் யாரையோன்னு தாண்டிப் போறேன். இன்னும் என்ன இருக்கு?”

பத்தொன்பது நாள் பதில் வரவில்லை. அந்த நாட்களில் அம்மா குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் வேலை போகவில்லை, எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அவரிடம் வேலை பழகியவர்கள் இரண்டு பேர் அவருக்கு முன்னால் மேலே போனார்கள்.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. தங்கைக்குக் காட்மாண்டு கொஞ்சமும் நினைவில்லை. போன மாதம் பேச்சுவாக்கில் இதை முழுவதும் சொன்னேன். “ஐயோ, யாருமே கேக்கலியே. அப்பா எதுக்குப் போய்ச் சொன்னாரு?” என்று கேட்டாள். நீ அவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பதற்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.