எனக்காக வாங்கிய லிக்விட் கார்பன்

என் மூச்சுக்கு எது நல்லது என்று என் கணவரும் வண்ணமீன் கடைக்காரரும் மாரெட்பள்ளியில் கடை வாசலில் நின்று பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள். மூச்சுக்குச் சொந்தக்காரி நான் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனால், நாட்டுத் தக்காளியா பெங்களூர்த் தக்காளியா என்று கேட்க ரெண்டு தடவை போன் போடுகிற மனுசன் இவர். அன்றைக்கு ஒரு தடவை போட்டிருக்கலாம். போடவில்லை.

தொட்டி என்னுடையது. நர்ஸ் வேலை போய் வீட்டில் முடங்கியபோது பைத்தியம் பிடிக்காமல் இருக்க நான் வைத்துக்கொண்டது. அதில் மீனைவிடச் செடிதான் அதிகம். தரையெல்லாம் புல்லாகப் படரும் செடி ஒன்றை ஆசையாசையாக நட்டேன். அது படராமல் மஞ்சளடித்துப்போய் நின்றது. தண்ணீருக்குள் வளரும் செடிக்குக் கார்பன் பத்தவில்லை. ஒன்று, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துக் குமிழ் குமிழாக விட வேண்டும். இல்லையென்றால் லிக்விட் கார்பன் என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதைத் தினமும் ஒரு மூடி ஊற்ற வேண்டும். சிலிண்டர்தான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். வந்தது பாட்டில்.

"சிலிண்டர் எங்கங்க?"

"நக்கோ நக்கோ, அதெல்லாம் வேணாம். வீட்டுக்குள்ள கேஸ் வெச்சா வெடிக்கும். உனக்கு வேற வீஸிங். கடைக்காரன் க்ளியரா சொல்லிட்டான், மூச்சுப் பிரச்சினை இருக்கிறவங்க வீட்ல பாட்டில்தான் சேஃப்."

இவர் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் பாதி இந்த ஊர் உருது. நான் மதுரைக்காரி.

வெடிக்குமாம்! நெருப்பை அணைக்க அடிக்கிற வாயு அது. ஆபரேஷன் தியேட்டரில் அந்தச் சிலிண்டரை என் கையாலேயே மாட்டியிருக்கிறேன். வயிற்றில் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு வயிற்றை உப்ப வைக்க அதைத்தான் விடுவார்கள். கசிந்தால் ஜன்னலைத் திறக்க எனக்குத் தெரியாதா? சொன்னேன். "அது ஹாஸ்பிடல், இது வீடு" என்று சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டார். சரி, போய்த் தொலையட்டும் என்று பாட்டில் மூடியைத் திருகினேன்.

ஐயோ, அந்த நெடி! அழுகின ஆப்பிள் மாதிரி மூக்கில் ஏறித் தொண்டையைப் பிடிக்கிற நெடி. எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. மூடியை இறுக்கிவிட்டு, இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடி இன்ஹேலரை இழுத்தேன். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று லேபிளில் ஒரு எழுத்து கிடையாது. பச்சைப் பசேலென்று ஒரு செடிப் படம் மட்டும் போட்டிருந்தார்கள்.

எனக்கு லேபிள் எதற்கு? ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்களை ஊறவைத்துக் கிருமியைக் கொல்கிற மருந்து அது. ஜன்னல் இல்லாத அறையில் அந்த மருந்துத் தொட்டிக்கு முன்னால் வருஷக்கணக்காக நின்றவள் நான். இருமல் வருகிறது என்று சொன்னபோது, "மாஸ்க் போட்டுக்கம்மா, எல்லாரும்தான் நிக்கிறாங்க" என்றார் எனக்கு மேலதிகாரியாக இருந்த சிஸ்டர். வீஸிங் வந்தது, வேலை போனது. அதே சனியனுக்குச் செடிச் சத்து என்று பெயர் வைத்து விற்கிறார்கள், இவரும் என் ஹாலுக்கே கொண்டுவந்து வைக்கிறார். வாயில் நன்றாக வந்தது.

"கடைக்காரருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார்.

"இந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?" என்றேன்.

"கார்பன் மேடம்."

"கார்பன்னா?"

"லிக்விட் கார்பன் மேடம்."

"குளுட்டரால்டிஹைடா?"

"ஹவ் மேடம், ஆமா, அதுதான். எல்லாரும் அதுதான் ஊத்துறாங்க. சார் வீஸிங்குன்னு சொன்னாரு, அதான் சேஃபா குடுத்தேன்."

போனை வைத்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "என் வேலையத் தின்னது இதுதாங்க. இதப் போயி காசு குடுத்து வாங்கியாந்திருக்கீங்க."

"எனக்கென்ன தெரியும்? கைக்கு, எதுக்கு என் மேல கத்துற? நீ ஒருநாளும் இந்தப் பேரைச் சொன்னதே இல்லியே!"

"நீங்க ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

மறுநாள் நானே போய்ச் சிலிண்டர் வாங்கி, நானே மாட்டினேன். செடியும் படர்ந்துவிட்டது. ஆனால் என் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. ஒவ்வொரு டாக்டரிடமும் நான் அந்த மருந்துத் தொட்டியைப் பற்றிச் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இவர். யாராவது கேட்டால், "அவளுக்கு டஸ்ட் அலர்ஜிங்க" என்பார். ஊராருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாமல் சும்மா சொல்லி வைக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.