தலைவர் உட்கார்ந்த சிவப்பு இருக்கை

மாமாவின் காரில் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி; மலைத்தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் காரோட்டியவர். துரை கப்பலேறியபோது தம்முடைய பந்தயக் காரை மாமாவிடமே விட்டுவிட்டுப் போனார். கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். இருக்கை இரண்டும் சிவப்புத் தோல். பாறசாலை வட்டாரத்தில் கோயில் கல்யாணமோ சர்ச் கல்யாணமோ, வசதியுள்ள வீட்டு மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்குவார். மாமாவுக்கு அதுதான் பிழைப்பு.

காரை அவர் குளிப்பாட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணையெல்லாம் இறக்கிவிடுவார். மண்ணோடு துணியைப் போட்டால் பெயின்டில் கீறல் விழுமாம். பிறகுதான் சோப்புத் தண்ணீர், மேலிருந்து கீழாக. துடைப்பதற்குப் பாலராமபுரத்து வேட்டி, அதுவும் துவைத்துத் துவைத்து நைந்துபோனது. உள்ளே மீட்டர்களின் ஓரத்துத் தூசியை ஒரு பிரஷால் தட்டி எடுப்பார். தோலுக்கு மட்டும் துரை விட்டுப்போன டப்பாவிலிருந்து மெழுகைத் துளி தொட்டுத் தடவி உடனே துடைத்துவிடுவார். டப்பா தீர்ந்த பிறகு ஈரத்துணியோடு சரி. தோல் வெளிறத் தொடங்கியும் வேறு எதையும் அவர் அதன் பக்கத்தில் அண்டவிடவில்லை. தம்முடைய இருக்கையில்கூட ஒரு துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார்.

எல்லைக் கிளர்ச்சி சூடுபிடித்திருந்த காலம் அது. எங்கள் பகுதியும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அப்பா போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளி வாத்தியார் அவர். வீட்டில் சோறு கேட்பதுகூட மேடையில் கேட்பது போலத்தான் இருக்கும். பாறசாலையில் நடக்கவிருந்த கூட்டத்துக்குத் தெற்கிலிருந்து ஒரு தலைவர் வருவதாக ஏற்பாடு. அவரைக் களியக்காவிளையிலிருந்து மாமாவின் காரில்தான் அழைத்துவர வேண்டுமென்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"அத்தான், எனக்கு தமிழ், மலையாளம் ரெண்டு பக்கத்திலயும் கல்யாணம் உண்டு," என்று மாமா தயங்கினார். அம்மா சொன்ன பிறகு சம்மதித்தார்.

அன்று காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் காரைக் கழுவித் துடைத்துவிட்டு மாமா குளத்துக்குக் குளிக்கப் போனார். எனக்கு இரட்டைப் பின்னல் போட உட்கார்ந்த அம்மா எண்ணெய்க் குப்பியை எடுத்தால் அது காலி. நேற்றுத்தானே நிறைத்து வைத்தேன் என்று அம்மா கத்தினாள்.

"நானாக்கும் தலையில தேச்சேன்," என்று முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

வறண்ட தலையோடு கூட்டத்துக்குப் போக வேண்டியதாயிற்றே என்று எனக்கு அழுகை வந்தது. மைதானத்தில் கார் வந்து நின்றதும் அது மறந்துபோயிற்று. என்ன பளபளப்பு! அது எங்கள் மாமாவின் கார் என்று பக்கத்தில் நின்ற பெண்பிள்ளைகளிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். வெள்ளைக் கதர் வேட்டியும் ஜிப்பாவுமாகத் தலைவர் இறங்கி மேடையேறினார். மேடையில் இருந்தவர்களைக் கும்பிடுவதற்காக எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடுப்புக்குக் கீழே முறம் அளவுக்குச் சிவப்புக் கறை.

முதலில் பெண்கள் பக்கத்தில் யாரோ வாயைப் பொத்தினார்கள். பிறகு மைதானமே சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர்க்கட்சிக்காரர்கள் கூவென்று ஊளையிட்டார்கள். யாரோ ஓடிப்போய்த் தலைவருக்கு ஒரு துண்டைச் சுற்றிவிட்டார்கள்.

கமிட்டிக்காரர் ஒருவர் மாமாவின் சட்டையைப் பிடித்தார். "எலே, எவன்கிட்ட பைசா வாங்கினே? சீட்டுல என்னத்தலே பூசினே?"

மாமா இருக்கையில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தார். மேடைக்குக் கீழே வரவேற்புரைத் தாளோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பா தாளைப் பார்த்தார்.

"தேங்காய் எண்ணெயாக்கும். நான்தான் போட்டேன். சாயம் எளகும்னு தெரியாமப் போச்சு."

அப்பா மேடையேறி வரவேற்புரையை வாசித்தார். குரல் எழும்பவே இல்லை. மாமாவால் அவருக்கு வந்த அவமானம் என்று நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. திரும்பும்போது மாமா காரின் கதவைத் திறந்து, "வா மக்கா," என்றார். அவரைத் தெரியாதவள்போல நான் கூட்டத்தோடு நடந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளியில் என் பெயரே 'எண்ணெய்க்கார் மருமகள்' என்றாகிவிட்டது. மாமா மலையாளத்தான்களிடம் காசு வாங்கினார் என்றும் பேச்சு. வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையை அந்தக் காரில் யார் ஏற்றுவார்கள்? கல்யாணங்கள் நின்றன. மாமா காரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் தோட்டத்து லாரி ஓட்டப் போனார். அவர் வருகிற நாட்களில் அப்பாவே வாசலில் நின்று அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார். முகத்தைப் பார்க்க மாட்டார். அம்மா பெரிய மீன் துண்டை அப்பாவுக்கு வைக்காமல் தம்பிக்கு வைப்பாள். இத்தனையும் செய்தவருக்கு இந்த உபசாரமா என்று நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். எல்லை கடைசியில் எங்களுக்குத் தெற்கே விழுந்தது; எங்கள் ஊர் கேரளத்தோடேயே நின்றுவிட்டது.

தோலுக்கு மெழுகைத் தவிர எதுவும் ஆகாது என்று மாமா சொல்லி எத்தனையோ முறை கேட்டவள் நான். அன்று காலையில் குப்பி காலியாக இருந்ததும் நன்றாக நினைவிருந்தது. அப்பாவுக்கோ முழு வழுக்கை. அந்தத் தலைக்கு இரண்டு துளி எண்ணெயே தாராளம். ஒரு குப்பி எண்ணெய் எங்கே போயிற்று என்று மட்டும் அந்த வயதில் நான் யோசிக்கவே இல்லை.